கேட்பதற்கு முன் வழியைப் போடுங்கள்: திருகோணமலையில் உளநல ஸ்கிரீனிங் தொடங்குபவர்களுக்கு

குடும்ப நல உத்தியோகத்தராக முதல் நியமனம் கிடைத்து குச்சவெளிக்கோ வெருகலுக்கோ வந்திருப்பவர்கள், வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவான ஓ.பி.டி.யில் புதிதாகச் சேர்ந்த தாதியர், பிரதேச செயலகத்தில் உளவளத்துணைப் பணிக்கு வந்தவர்கள், மாதர் சங்கத்திலும் இளைஞர் கழகத்திலும் தொண்டர்களாக இறங்கியவர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம், குடி ஆகியவற்றை நேரத்தோடு கண்டுபிடித்து ஆட்களைச் சரியான இடத்துக்கு அனுப்புவது எப்படி என்பதுதான் விஷயம்.

இந்த மாவட்டத்தில் கேள்வித்தாளுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. 2004 சுனாமிக்குப் பிறகும், 2006 இல் சம்பூர், மூதூர்ப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்த பிறகும் யார் யாரோ கொப்பியும் பேனையுமாக வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். கேட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அந்த அனுபவம் சனத்துக்கு இன்னும் மறக்கவில்லை. ஆகவே என் முதல் வார்த்தை இதுதான்: மனம் திறந்து சொன்ன ஒருவருக்கு, நாளைக்கு எங்கே போக வேண்டும், யாரைக் காண வேண்டும் என்று உங்களால் சொல்ல முடியாதென்றால், கேட்காமல் இருப்பதே மேல். வழியை முதலில் போடுங்கள். கேள்வி பிறகு வரட்டும்.

முதல் வேலை: அனுப்பும் வழி

கேள்வித்தாளை எடுப்பதற்கு முன் ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நீங்களே நேரில் போங்கள். தொலைபேசியில் விசாரிப்பது போதாது. கிளினிக் எந்த நாள், காலை எத்தனை மணிக்கு நம்பர் துண்டு கொடுக்கிறார்கள், புதிதாக வருபவர் முதலில் எந்த அறை வாசலில் நிற்க வேண்டும், தமிழ் பேசும் தாதி யார் என்பதையெல்லாம் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலையிலோ பிரதேச வைத்தியசாலையிலோ உளநல வைத்திய அதிகாரி வரும் நாள் உண்டா என்று கேளுங்கள். வெருகலில் இருந்து ஒரு தாய் பட்டினத்துக்கு வந்து போக ஒரு நாள் கூலி போய்விடும். கிட்டிய இடத்தில் கிளினிக் இருந்தால் அவர் இரண்டாவது தடவையும் வருவார். இல்லாவிட்டால் வருவது சந்தேகம்தான்.

பிறகு பிரதேச செயலகம். உளவளத்துணை உதவியாளர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஆகியோரின் முகங்களைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். எல்லாத் துயரமும் வைத்தியசாலைக்குப் போக வேண்டியதில்லை. நுண்கடன்காரன் வாசலில் வந்து நிற்பதால் நித்திரையில்லாத பெண்ணுக்குக் குளிசையைவிடக் கடனைப் பற்றிப் பேச ஓர் ஆள் தேவைப்படலாம்.

நான்கு இலக்கங்களை மனப்பாடமாக்குங்கள். 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலவச உதவி இலக்கம், இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலும் பேசலாம். 1990, சுவசெரிய அம்புலன்ஸ். 1929 சிறுவர்களுக்கானது. 1938 பெண்களுக்கானது. இவற்றை ஒரு சின்னத் துண்டில் எழுதிப் போட்டோகொப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீனிங்கில் ஒன்றும் தென்படாதவருக்கும் அந்தத் துண்டைக் கொடுங்கள். அப்படிச் செய்தால், துண்டு கையில் இருப்பவரெல்லாம் நோயாளி என்ற பேச்சு ஊரில் கிளம்பாது.

அரச வைத்தியசாலையில் கிளினிக்கும் மருந்தும் இலவசம் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். உளநல சிகிச்சை என்றால் அங்கொடை மனநல வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள் என்று நினைக்கும் பெரியவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். 2005 இல் வந்த தேசிய உளநலக் கொள்கை, சிகிச்சையை மாவட்டத்துக்கும் ஊருக்கும் கொண்டுவருவதையே குறியாகக் கொண்டது. வருபவர்களில் மிகப் பெரும்பாலானோர் அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று சொன்னால் பாதிப் பயம் கழன்றுவிடும்.

எந்தக் கேள்வித்தாள்?

புதிதாக ஒன்றைத் தயாரிக்கப் போக வேண்டாம். நீங்களாக மொழிபெயர்க்கவும் வேண்டாம். உளநலப் பிரிவில் பாவிக்கும் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் போடும் புள்ளியும் வைத்தியர் வாசிக்கும் புள்ளியும் அப்போதுதான் ஒன்றாக இருக்கும்.

நெருக்கடியான ஓ.பி.டி.யில், மனச்சோர்வை அறியும் பி.எச்.கியூ-2 என்ற சிறு கேள்வித்தாள் போதும். இரண்டே கேள்விகள்: கடந்த இரண்டு கிழமையில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ-9 ஐ முழுதாகக் கேளுங்கள். அதில் உச்சம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும், 20 அல்லது அதற்கு மேல் வந்தால் தாமதிக்கவே கூடாது. பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7 இருக்கிறது. பிள்ளை பெற்ற தாய்மாருக்கு மனச்சோர்வை அறிய 1987 இல் வெளிவந்த எடின்பரோ அளவுகோல் பொருத்தம். பத்துக் கேள்விகளும் கடந்த ஏழு நாளைப் பற்றியவை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் உடம்புக் களைப்பும் நித்திரைக் குறைவும் இயல்பு என்பதால், அவற்றை நோயாக எண்ணிவிடாதபடி அமைத்த கேள்விகள் அவை. வாசிக்கத் தெரியாதவர்கள் அதிகமுள்ள ஊரில் மன உளைச்சலைப் பொதுவாக அறியும், உலக சுகாதார ஸ்தாபனத்தின் எஸ்.ஆர்.கியூ-20 இலகு. ஆம், இல்லை என்ற பதிலே போதும். குடியைப் பற்றி அறிய அதே ஸ்தாபனத்தின் ஓடிட் என்ற பத்துக் கேள்விகள்.

ஒரு விஷயத்தை ஆழமாக மனதில் பதியுங்கள். புள்ளி என்பது நோயின் பெயரல்ல. பிரஷர் பார்க்கும் கருவியில் ஒருநாள் கூடக் காட்டிவிட்டது என்பதற்காக அன்றைக்கே ஒருவரைப் பிரஷர் நோயாளி என்று எழுதுவதில்லையே, அதுபோலத்தான் இதுவும். 2001 இல் வெளியான பி.எச்.கியூ-9 இன் முதல் ஆய்வில், 10 புள்ளியை எல்லையாக வைத்தபோது, பெரும் மனச்சோர்வு உள்ளவர்களில் 88 வீதத்தினரை அது பிடித்தது. இல்லாதவர்களில் 88 வீதத்தினரைச் சரியாக விலக்கியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 100 பேரைக் கேட்கிறீர்கள், அவர்களில் 10 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 9 பேர் அகப்படுவார்கள். நோயில்லாத 90 பேரில் 11 பேரும் கூடவே அகப்படுவார்கள். ஆக, எல்லையைத் தாண்டிய 20 பேரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் இல்லை. ஆகையால் யாரிடமும் “உங்களுக்கு மனச்சோர்வு” என்று சொல்லாதீர்கள். “நீங்கள் சொன்னதைக் கேட்டால் வைத்தியர் ஒருக்கா பார்ப்பது நல்லது போலத் தெரிகிறது” என்பதே போதும். தைரொயிட் குறைபாடும் இரத்தச்சோகையும்கூட இதே களைப்பையும் சோர்வையும் தரும். அவற்றைப் பிரித்துப் பார்ப்பது வைத்தியரின் வேலை.

கேட்கும் விதம்

இங்கே யாரும் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு அடைக்குது, தலை விறைக்குது, உடம்பெல்லாம் உளையுது, சாப்பாடு இறங்குதில்லை, ஒரே யோசனை என்றுதான் வருவார்கள். அந்த வாசலாலேயே நீங்களும் உள்ளே போங்கள். கிண்ணியா பக்கத்து ஓ.பி.டி. ஒன்றில் தலையிடிக்கு மருந்தெடுக்க வந்த ஒரு பெண்ணோடு பேச்சு இப்படிப் போகலாம்:

“தலையிடி எவ்வளவு நாளா ராத்தா?”

“நோன்புக்கு முந்தியே தொடங்கினது மகள். பெனடோல் போட்டும் கேக்குதில்ல.”

“ராவைக்கு நித்திரை எப்படி?”

“கண்ண மூடினாத்தானே. விடிய விடிய யோசனைதான்.”

“முந்தி விருப்பமாச் செய்த வேலையெல்லாம் இப்ப செய்ய மனம் வருதா?”

“முந்தி நல்லாத் தைப்பன். இப்ப மெஷின்ல தூசி படிஞ்சு கிடக்கு.”

“கடைசி ரெண்டு கிழமையை எடுத்தா, அப்படிச் சில நாளா, பாதி நாளுக்கு மேலயா, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளுமா?”

“ஒவ்வொரு நாளும்தான் புள்ள.”

கேள்வித்தாள் மேசைக்கு வருவதற்கு முன்னரே முதல் கேள்விக்கு 3 புள்ளி வந்துவிட்டது. இனித் தாளை எடுத்து, “இதே மாதிரி இன்னும் கொஞ்சம் கேக்கிறன், எல்லாரிட்டயும் கேக்கிறதுதான்” என்று சொல்லித் தொடரலாம். உடம்பைப் பற்றிச் சொன்னதைத் தட்டிக்கழிக்காமல் கேட்டதால்தான் தையல் மெஷின் வரை பேச்சு வந்தது.

தாளில் உள்ள வசனத்தை உள்ளபடி வாசியுங்கள். விளங்காவிட்டால் ஊர்ப் பேச்சில் விளக்குங்கள். பதிலை மட்டும் நீங்கள் ஊகித்துப் போடக்கூடாது. கந்தளாய், சேருவில, கோமரங்கடவல பக்கம் வேலை என்றால் சிங்களப் பிரதியும் சிங்களம் பேசும் சக உத்தியோகத்தரும் வேண்டும். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாய் தன் மகன் முன்னால் எதைச் சொல்லுவாள்?

இடம் முக்கியம். வீட்டுத் தரிசிப்புக்குப் போகும்போது மாமியார் பக்கத்தில் இருந்தால் எல்லாப் பதிலும் “ஒண்டுமில்ல” என்றுதான் வரும். பிள்ளையின் நிறை பார்க்க வேண்டும், கிணற்றடியில் கை கழுவ வேண்டும் என்று ஏதாவது சொல்லித் தாயைத் தனியே கூட்டிக்கொண்டு போங்கள். கிளினிக்கில் திரைச்சீலை போதாது, சத்தம் கேட்கும். கதிரையை மூலையில் போட்டு, முதுகு வரிசையில் நிற்பவர்களின் பக்கம் இருக்கும்படி அவரை உட்கார வையுங்கள்.

எழுதத் தொடங்குமுன் ஏன் எழுதுகிறீர்கள் என்று சொல்லுங்கள். பெயர்ப் பட்டியல் என்றாலே நெஞ்சு பதறும் ஒரு தலைமுறை இந்த மண்ணில் வாழ்கிறது. யுத்த காலத்தில் பட்டியலில் பெயர் இருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். இந்தத் தாள் யாரிடம் போகும், யாரிடம் போகாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ சமுர்த்தி அலுவலகத்துக்கோ போகாது என்று சொன்னால், அதை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றுங்கள். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. நிவாரணப் பட்டியல் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல வேண்டாம், பட்ட பாடு அப்படி. “இதில காசோ சாமானோ வராது, வைத்தியரிட்ட அனுப்பத்தான்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாவது கேள்வி

பி.எச்.கியூ-9 இன் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைத்தானே வருத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. புதியவர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திவிடுவார்கள், அல்லது “அப்படியெல்லாம் இல்லைத்தானே?” என்று கேட்டுவிடுவார்கள். அப்படிக் கேட்டால் “இல்லை” என்ற பதில்தான் வரும். கேட்பதால் இல்லாத எண்ணம் ஒருவருக்குள் முளைப்பதில்லை என்பது ஆய்வுகளில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். இவ்வளவு நாளும் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது இறங்கியது என்று பெருமூச்சு விடுபவர்களே அதிகம். மற்ற எட்டுக் கேள்விகளைக் கேட்ட அதே குரலில் இதையும் கேளுங்கள்.

மொத்தப் புள்ளி எவ்வளவு குறைவாக இருந்தாலும், இந்தக் கேள்விக்கு 1 வந்தாலே நிறுத்தி மேலே கேளுங்கள். எண்ணம் மட்டும்தானா, எப்படி என்று யோசித்தாரா, நாள் குறித்தாரா, வீட்டில் அதற்கான பொருள் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா. யோசனையும் ஆயத்தமும் இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரை வரவழையுங்கள். அன்றைக்கே, அவரோடு கூடவே வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990. “நாளைக்குக் காலையில வாங்க” என்று அனுப்பவே கூடாத இடம் இது. பிள்ளை பெற்று சில நாளில் தாய் குழம்பிப் பேசினாலும், நித்திரையே இல்லாமல் சந்தேகப்பட்டாலும், பிள்ளையைப் பற்றி விபரீதமாகக் கதைத்தாலும் அதே அவசரம்தான்.

எண்ணம் மட்டும் இருந்து ஆயத்தம் இல்லையென்றால், அடுத்த கிளினிக் நாளுக்குத் திகதி போடுங்கள். அதற்கிடையில் யாரோடு பேசுவார், எங்கே போவார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதிக் கொடுங்கள். வீட்டில் நஞ்சு இருந்தால் பூட்டிவைக்கச் சொல்லுங்கள், அல்லது இன்னொரு வீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். தம்பலகாமத்திலும் மூதூரிலும் வயல் செய்யும் வீடுகளில் பூச்சிமருந்துப் போத்தல் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். சின்ன வேலை போலத் தெரிந்தாலும் இதற்கு இருக்கும் பலன் பெரிது. 1995 இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். மிக நஞ்சான பூச்சிகொல்லிகளை அந்த ஆண்டிலும், எண்டோசல்ஃபானை 1998 இலும் தடைசெய்தபின், 2005 அளவில் அந்த வீதம் பாதியாகக் குறைந்தது. அந்த நொடியில் நஞ்சு கைக்கு எட்டாமல் போனால் ஓர் உயிர் தப்பிவிடும். மறுநாள் அந்த வேகம் தணிந்திருக்கக்கூடும்.

முயன்றவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் வழக்குப் போடுவார்கள் என்ற பயத்தில் மறைக்கும் குடும்பங்கள் உண்டு. 1998 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்ட பிறகு, தற்கொலைக்கு முயல்வது இந்த நாட்டில் குற்றமல்ல. இதை ஊர்க் கூட்டங்களில் உரக்கச் சொல்லுங்கள்.

ஊருக்குள் போகும்போது

விழிப்புணர்வு என்றதும் மண்டபம், பெனர், மேடைப் பேச்சு என்று போகிறார்கள். பெனரில் படம் எடுப்பதோடு பாதிக் கூட்டம் முடிந்துவிடுகிறது. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் காத்திருக்கும் வாங்கில் பத்து நிமிடம் பேசுவது அதைவிடப் பலன் தரும் என்று நான் நம்புகிறேன். ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் பசியும் மனமும் கெட்டிருந்தால் இன்ன இடத்துக்கு, இன்ன நாளில் வாருங்கள். நோய்களின் பட்டியலை ஒப்புவிக்க வேண்டாம்.

ஆண்களைக் கிளினிக்கில் காண முடியாது. கரையில் மீனவர் தங்கும் வாடிக்குப் போங்கள். ஐப்பசி பிறந்து வாடைக் காற்று எழும்பினால் இந்தக் கரையில் கடல் கொந்தளிக்கும், பல நாள் படகு இறங்காது. கையில் காசில்லாத, கடன் ஏறும், குடியும் ஏறும் காலம் அதுதான். வலை தைத்துக்கொண்டு இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச நேரமும் கிடைக்கும். குடியை நிறுத்து என்று தொடங்காதீர்கள், நித்திரை எப்படி என்று தொடங்குங்கள். தினமும் கடுமையாகக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம். ஆகவே நிறுத்த விரும்புபவரை முதலில் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

கோயில் ஐயர், பூசாரி, மௌலவி, பாதர், பரியாரியார் ஆகியோரைப் பகைத்துக்கொண்டு இங்கே ஒன்றும் நடவாது. மனம் குழம்பினால் சனம் முதலில் போவது நூல் கட்டவும், தண்ணி ஓதிக் குடிக்கவும்தான். போகட்டும், ஆறுதல் கிடைக்கிறது. அவர்களிடம் இரண்டு உதவி கேளுங்கள்: சாகிற பேச்சு வந்தால், அல்லது சாப்பாடும் தண்ணியும் எடுக்காவிட்டால், உடனே எங்களிடம் அனுப்புங்கள். எந்தக் காரணத்துக்காகவும் கிளினிக் மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஜும்ஆவில் மௌலவி ஒரு வார்த்தை சொன்னால் கிளினிக்குக்கு வர வெட்கப்படுபவர்களின் தயக்கம் பாதி குறைந்துவிடும்.

அனுப்பிய பிறகு

துண்டு எழுதிக் கொடுத்ததும் வேலை முடிந்துவிடாது. துண்டில் திகதி, நேரம், அறை, காண வேண்டியவரின் பதவி எல்லாம் இருக்க வேண்டும். முதல் தடவை யாராவது கூடப் போகட்டும். மறுகிழமை நீங்கள் தேடிப்போங்கள். போகவில்லை என்றால் ஏசாதீர்கள். பஸ் காசா, பிள்ளையைப் பார்க்க ஆளில்லையா, ஊர் பார்க்கும் என்ற கூச்சமா என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தீர்வு.

மருந்து தொடங்கியவருக்கு இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மனச்சோர்வுக் குளிசை வேலை செய்யச் சில கிழமை எடுக்கும். முதல் நாட்களில் குமட்டலும் தலைச்சுற்றும் வரலாம், அநேகமாக அது தானாகக் குறையும். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் வைத்தியர் சொல்லும்வரை பல மாதம் எடுக்க வேண்டும். “நல்லாயிட்டுது, விட்டிட்டன்” என்று நிறுத்தி, மறுபடி விழுபவர்கள் நிறையப் பேர்.

நாள் முழுதும் கேட்டவை உங்கள் நித்திரையையும் கெடுக்கும். கிழமைக்கு ஒருதரம் மூத்த தாதியோடோ உளநல வைத்திய அதிகாரியோடோ உட்கார்ந்து, ஆட்களின் பெயர் சொல்லாமல், கஷ்டமாக இருந்ததைப் பேசிவிடுங்கள். 1926 உங்களுக்குமான இலக்கம்தான்.

மாத முடிவில் கொப்பியில் மூன்று எண்களை எழுதுங்கள். எத்தனை பேரைக் கேட்டீர்கள், எத்தனை பேரை அனுப்பினீர்கள், அனுப்பியவர்களில் எத்தனை பேர் கிளினிக் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முதலாவது கூடிக்கொண்டு போய், மூன்றாவது அப்படியே நின்றால், அடுத்த மாதம் புதிதாக யாரையும் கேட்பதைக் குறைத்து, போகாதவர்களின் வீடுகளுக்குப் போங்கள்.